கோஹா ஏற மறுத்தால்: முதலில் லாகைப் படியுங்கள்

“மூன்று நாளாகப் போராடுகிறேன். காணொளியில் சொன்ன கட்டளைகளை ஒன்றுவிடாமல் அடித்துவிட்டேன். பிரவுசரைத் திறந்தால் பிழைச் செய்திதான் வருகிறது. அடுத்த மாதம் நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு) ஆய்வுக் குழு வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவை மறுபடி போட்டுவிடட்டுமா?”

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவும்போது கல்லூரி நூலகர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழிக்க வேண்டாம். என்ன கோளாறு என்பதை உங்கள் சர்வர் அநேகமாக எங்கோ ஒரு வரியில் எழுதி வைத்திருக்கும். அந்த வரியைத் தேடிப் படிப்பதுதான் முதல் வேலை. அழித்துவிட்டால் அந்த வரியும் போய்விடும்; அதே கோளாறு அடுத்த முறையும் வந்து நிற்கும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உங்கள் நூலகத்துக்குக் கோஹாவில் நீங்கள் வைத்த பெயர் ‘லைப்ரரி’ என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் இத்தனை இடத்தில் தடுக்குகிறது?

கோஹா ஒரே மென்பொருள் அல்ல. பெர்ல் மொழியில் எழுதிய நிரல் நடுவில் இருக்கிறது. புத்தக விவரமும் உறுப்பினர் விவரமும் மரியாடிபி என்ற டேட்டாபேஸில் (தரவுத்தளத்தில்) சேர்கின்றன. பக்கங்களை வெளியே கொண்டுவந்து தருவது அப்பாச்சி. அதற்குப் பின்னால் நின்று நிரலை வேகமாக ஓட்டுவது பிளாக். தேடலுக்கு ஜீப்ரா என்ற இண்டெக்ஸர் (சொல்லடைவு செய்யும் நிரல்). அடிக்கடி கேட்கப்படும் தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது மெம்கேஷ்டு. நேரம் பிடிக்கும் வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்புவது ராபிட்எம்க்யூ.

இதில் எது விழுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: “கோஹா வரவில்லை.” காய்ச்சல் என்று வருகிறவருக்கெல்லாம் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது அல்லவா? எந்த அடுக்கில் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடிப்படையில் மூன்று சோதனைகள்

கோஹாவைத் தொடுவதற்கு முன் கடிகாரம், இடம், இயங்குதளம் மூன்றையும் பாருங்கள்.

ஒரு கல்லூரியில் ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தாலே பிழை வந்தது. ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று செய்தி. இணையம் சரியில்லை என்று நினைத்து இரண்டு நாள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஆய்வகத்தில் ஒதுக்கிய பழைய கணினியைச் சர்வராக்கியிருந்தார்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போய், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அந்தக் கணினியைப் பொறுத்தவரை இன்று வெளியான கோப்பு வருங்காலத்திலிருந்து வந்தது. நம்ப மறுத்ததில் தப்பில்லை. பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் அடுத்த நிமிடமே வேலை நடந்தது. ‘டைம்டேட்சிடிஎல்’ என்று அடித்தால் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றும் தெரியும். நேர மண்டலம் தவறாக இருந்தால் பின்னாளில் இரவல் தேதியும் தாமதக் கட்டணமும் குழம்பும்.

அடுத்து ‘டிஎஃப் -ஹெச்’. வட்டு நிறைந்திருந்தால் மரியாடிபி எழுத முடியாமல் நின்றுவிடும். நினைவகம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால், நெருக்கடி வரும்போது லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். பெரும்பாலும் பலியாவது மரியாடிபி அல்லது பிளாக். இயங்குதளத்தைப் பொறுத்தவரை டெபியன் ஸ்டேபிள் முதல் தேர்வு. உபுண்டு என்றால் நீண்டகால ஆதரவு (எல்டிஎஸ்) பதிப்பை மட்டும் எடுங்கள். ஒன்பது மாத ஆதரவுள்ள இடைப் பதிப்புகள் நூலகச் சர்வருக்கு ஏற்றவை அல்ல.

பேக்கேஜ் இறங்காவிட்டால்

‘கோஹா-காமன்’ என்ற பேக்கேஜை (மென்பொருள் பொதியை) இறக்கும்போது இரண்டு செய்திகள் அதிகம் வரும்.

முதலாவது, ‘நோ பப்கீ’. பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி என்னிடம் இல்லை என்று கணினி சொல்கிறது. பழைய காணொளிகள் ‘ஆப்ட்-கீ’ கட்டளையைக் காட்டும். அது வழக்கொழிந்துவிட்டது. சாவியை ஈடிசி, ஆப்ட், கீரிங்ஸ் என்ற ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைத்து, களஞ்சிய வரியில் ‘சைன்டு-பை’ என்று அதைச் சுட்டுங்கள். சாவியே வேண்டாம், நம்பி ஏற்றிக்கொள் என்று பணிக்கும் குறுக்குவழியும் உலவுகிறது. பூட்டை உடைத்துவிட்டுக் கதவு திறந்துவிட்டது என்று மகிழ்வதற்குச் சமம் அது.

இரண்டாவது, ‘அன்மெட் டிபென்டன்சீஸ்’, அதாவது சார்புப் பொதிகள் கிடைக்கவில்லை. உபுண்டுவில் ‘யூனிவர்ஸ்’ பகுதி அணைந்திருக்கலாம். வேறு களஞ்சியங்கள் கலந்திருக்கலாம். முந்தைய நிறுவல் பாதியில் நின்றிருக்கலாம். ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ கடைசிக் காரணத்தைத் தீர்க்கும். விடுபட்ட பெர்ல் தொகுதியை ‘சிபேன்’ வழியாகத் தனியே இறக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஆப்ட் கணக்கு வைத்திருக்கும் வீட்டில் கணக்கில் வராத சாமானைச் சேர்ப்பது அது. இன்று ஓடும், அடுத்த மேம்படுத்தலில் உடையும்.

கோஹாவின் பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வருகின்றன. 24.11 என்றால் 2024 நவம்பர். களஞ்சிய வரியில் ‘ஸ்டேபிள்’ என்று எழுதினால், என்றோ ஒருநாள் வழக்கமான அப்கிரேடு கொடுக்கும்போது அறிவிப்பில்லாமல் அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவிவிடும். பதிப்பு எண்ணையே எழுதிவிடுங்கள். எப்போது தாவுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

நூலகத்தை உருவாக்கும் கட்டளை நின்றால்

‘கோஹா-கிரியேட் --கிரியேட்-டிபி லைப்ரரி’ என்ற ஒரே கட்டளை பல வேலைகளைச் செய்கிறது: ‘கோஹா_லைப்ரரி’ என்ற டேட்டாபேஸ், அதே பெயரில் டேட்டாபேஸ் பயனர், ‘லைப்ரரி-கோஹா’ என்ற லினக்ஸ் பயனர், அப்பாச்சிக்கு ஓர் அமைப்புக் கோப்பு, ஜீப்ராவுக்கு அமைப்புகள்.

அப்பாச்சியில் ‘ரீரைட்’ அல்லது ‘எம்பிஎம் ஐடிகே’ தொகுதி இல்லை என்று அது சொன்னால், சொன்னதை ‘ஏ2என்மாட்’ கட்டளையால் இயக்கிவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘எம்பிஎம் ஈவென்ட்’ இயங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் ‘ஏ2டிஸ்மாட்’ கொண்டு நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. சாக்கெட் வழியாக இணைய முடியவில்லை என்று வந்தால் மரியாடிபி ஓடவில்லை என்று பொருள். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மரியாடிபி’ கொடுத்துப் பாருங்கள்.

கட்டளை பாதியில் நின்று, மறுமுறை அடித்தால் “ஏற்கெனவே இருக்கிறது” என்று மறுக்கும். ஒரு புத்தகம்கூட ஏறாத இந்த நிலையில் மட்டும் ‘கோஹா-ரிமூவ் லைப்ரரி’ கொடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்தக் கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரும்.

பிரவுசர் சொல்லும் அடையாளங்கள்

எல்லாம் முடிந்தும் பக்கம் வரவில்லையா? என்ன வரவில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு பொருள் உண்டு.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், அந்தப் போர்ட்டில் (வாயிலில்) யாரும் இல்லை. கல்லூரிக்குள் மட்டும் ஓடும் சர்வரில் பணியாளர் பக்கத்தை 8080 போர்ட்டில் வைப்பது வழக்கம். ‘கோஹா-சைட்ஸ்’ கோப்பில் 8080 என்று எழுதியிருப்பார்கள். அப்பாச்சியின் ‘போர்ட்ஸ்’ கோப்பில் ‘லிசன் 8080’ என்ற வரியைச் சேர்க்க மறந்திருப்பார்கள். மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இது. இன்னொன்று: அதே சர்வரில் டிஸ்பேஸ் என்ற ஆவணக் களஞ்சிய மென்பொருளும் இருந்தால் அதன் டாம்கேட் வழக்கமாக 8080-ஐ முன்பே பிடித்து உட்கார்ந்திருக்கும். ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ கட்டளை எந்த வாயிலில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். ஒருவரை வேறு எண்ணுக்கு மாற்றுங்கள்.

வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், ஃபயர்வால் (தீச்சுவர்) தடுக்கிறது அல்லது ஐபி முகவரி மாறிவிட்டது. சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள். நேற்று வரை வந்தது, மின்சாரம் போய்வந்த பிறகு காணோம் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்தால், அப்பாச்சி நலம். ஆனால் கோஹாவின் அமைப்புக் கோப்பு அதற்குத் தெரியவில்லை. ‘ஏ2என்சைட் லைப்ரரி’ கொடுத்து, ‘000-டிஃபால்ட்’ பக்கத்தை ‘ஏ2டிஸ்சைட்’ செய்து, அப்பாச்சியை ரீலோடு செய்யுங்கள்.

503 வந்தால் பிளாக் ஓடவில்லை. ‘கோஹா-பிளாக் --ஸ்டார்ட் லைப்ரரி’ கொடுங்கள். 500 வந்தால் நிரல் உள்ளே தடுக்கி விழுந்திருக்கிறது. இங்கேதான் லாக் (பதிவுக் கோப்பு) கைகொடுக்கும். வார், லாக், கோஹா, லைப்ரரி என்று ஃபோல்டர்களுக்குள் இறங்கினால் பிளாக், பணியாளர் பக்கம், வாசகர் பக்கம், ஜீப்ரா என்று தனித்தனிப் பிழைக் கோப்புகள் இருக்கும். ஒரு முனையத்தில் ‘டெய்ல் -எஃப்’ கொடுத்து அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரில் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். உடனே சில வரிகள் விழும். கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். புதிதாக விழுந்தவற்றில் முதல் வரியைப் படியுங்கள். அதுதான் காரணம், பின்வருபவை அதன் விளைவு.

வாசகர் பக்கத்தில் பராமரிப்புப் பணி நடக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் வந்தால் அது கோளாறே அல்ல. இணையவழி நிறுவல் இன்னும் முடியவில்லை என்பதைத்தான் கோஹா அப்படிச் சொல்கிறது.

இணையவழி நிறுவலில் கவனம்

பணியாளர் பக்கத்தில் நுழைய ‘கோஹா_லைப்ரரி’ என்ற பெயரும், ‘கோஹா-பாஸ்டபிள்யூடி லைப்ரரி’ காட்டும் கடவுச்சொல்லும் தேவை. கடவுச்சொல்லில் குறியீடுகள் கலந்திருக்கும். பார்த்து அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அட்டவணைகள் உருவாகச் சில நிமிடங்கள் ஆகும். திரை அசையவில்லையே என்று புதுப்பிக்காதீர்கள். பாதி அட்டவணையோடு நின்றுபோன நிறுவல்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

புத்தகப் பதிவின் வடிவம் மார்க்21-ஆ, யூனிமார்க்கா என்று கேட்குமிடத்தில் நிதானியுங்கள். நம் நூலகங்களுக்கு மார்க்21. பின்னால் எளிதாக மாற்ற முடியாத தேர்வு இது. நிறுவல் முடிந்ததும் உயர்நிலை நூலகர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலேயே வேலை செய்யுங்கள். டேட்டாபேஸ் பயனரின் பெயரில் புத்தகம் கொடுத்து வாங்கக் கூடாது. அந்தப் பெயரில் உறுப்பினர் பதிவே கிடையாது.

புத்தகம் இருக்கிறது, தேடினால் இல்லை

கோஹா ஏறிய பின் வரும் முதல் பதற்றம் இதுதான். நூறு புத்தகம் பதிவேற்றியாகிவிட்டது. தேடினால் ஒன்றும் வரவில்லை. பதிவுகள் தொலையவில்லை. அவை மரியாடிபியில் பத்திரமாக இருக்கின்றன. ஜீப்ராவின் சொல்லடைவில் ஏறவில்லை, அவ்வளவுதான். கோஹாவைப் பற்றிய ‘அபவுட்’ பக்கத்தில் ஜீப்ரா ஓடுகிறதா என்று தெரியும். ஓடவில்லை என்றால் ‘கோஹா-ஜீப்ரா --ஸ்டார்ட் லைப்ரரி’. பிறகு ‘கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா -எஃப் -வி லைப்ரரி’ கொடுத்து முழு அடைவையும் புதிதாகக் கட்டுங்கள்.

ஆங்கிலப் புத்தகங்கள் கிடைத்து, தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் கிடைக்காவிட்டால் காரணம் வேறு. ஜீப்ராவில் இயல்பாக வரும் எழுத்து அட்டவணை லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்தது. தமிழுக்கு ஐசியு (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் நிரல்தொகுதி) தேவை. ஜீப்ராவின் ‘டிஃபால்ட்.ஐடிஎக்ஸ்’ கோப்பில் ‘சார்மேப்’ வரிகளை முடக்கி, அருகிலேயே இருக்கும் ‘ஐசியுசெயின்’ வரிகளை இயக்குங்கள். கோஹாவின் பொது அமைப்பிலும் ஐசியு தொடர்பான விருப்பத்தை இயக்கி, ஜீப்ராவை ரீஸ்டார்ட் செய்து, முழு அடைவையும் மறுபடி கட்டுங்கள். பின்னாளில் மேம்படுத்தும்போது இந்தக் கோப்பை மாற்றட்டுமா என்று கேட்டால், நீங்கள் திருத்தியதை வைத்துக்கொள்ளும்படி பதில் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சில தலைப்புகள் ஒளிந்துகொள்ளும். கௌரி, கெளரி – இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்தும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு சொற்கள். தட்டச்சு செய்பவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஏற்றினால், பதிவில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் போய் உட்காரும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றுவது பலமடங்கு வேலை.

மொத்தமாகத் திருத்தும் வேலைகள் ‘நியூ’ என்ற நிலையிலேயே நின்றால் ராபிட்எம்க்யூவைப் பாருங்கள். அந்த வேலைகள் இயல்பாக அதன் வழியாகத்தான் போகின்றன. அதில் ‘ஸ்டாம்ப்’ செருகுநிரல் இயங்க வேண்டும். இயக்கிவிட்டு ராபிட்எம்க்யூவையும் கோஹா-காமனையும் ரீஸ்டார்ட் செய்தால் தேங்கிய வரிசை நகரும்.

செய்யக் கூடாத கைவைத்தியங்கள்

எந்தப் பிழைக்கும் ‘சிஹெச்மாட் 777’ போடு என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. எல்லாக் கோப்பையும் எல்லோரும் எழுதலாம், ஓட்டலாம் என்று திறந்துவிடுவது அது. உண்மையில் நடந்திருப்பது பெரும்பாலும் சிறிய விஷயம்: யாரோ ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்டியதால், லாக் கோப்பின் உரிமை ரூட்டிடம் போய்விட்டது, கோஹாவால் அதில் எழுத முடியவில்லை. உரிமையை ‘சிஹெச்ஓன்’ மூலம் ‘லைப்ரரி-கோஹா’ பயனருக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். கோஹாவின் உள் நிரல்களை ஓட்ட வேண்டியிருந்தால் ‘கோஹா-ஷெல் லைப்ரரி’ வழியாக அதன் பயனராக நுழைந்து ஓட்டுங்கள்.

இப்போது முன்பு சொன்ன எச்சரிக்கை. புத்தகமும் உறுப்பினரும் ஏறிய நூலகத்தில் ‘கோஹா-ரிமூவ்’ கட்டளையை அடிக்கவே அடிக்காதீர்கள். அது டேட்டாபேஸையும் சேர்த்து அழித்துவிடும். நிறுவலின்போது பழகிய கை, ஓராண்டு கழித்து ஒரு சிறு பிழைக்கு அதே கட்டளையை நாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புப் பிரதி

கோஹா-காமன் தினமும் தானாகவே ஒரு காப்புப் பிரதி எடுக்கிறது. வார், ஸ்பூல், கோஹா என்ற ஃபோல்டரில் நாள்தோறும் இரண்டு கோப்புகள் சேரும்: ஒன்று டேட்டாபேஸ், மற்றொன்று அமைப்புகள். நிம்மதி தரும் ஏற்பாடுதான். ஆனால் இரண்டு குறை உண்டு. இயல்பான அமைப்பில் சில நாள் பழையதானதும் அவை அழிந்துவிடும். இரண்டாவது, அவை இருப்பது அதே வட்டில். வட்டு போனால் பிரதியும் போகும். அந்த இரண்டு கோப்புகளையும் தினமும் வேறொரு கணினிக்கோ வெளி வட்டுக்கோ நகலெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பருவத்துக்கு ஒருமுறையாவது ஒரு பழைய கணினியில் ‘கோஹா-ரிஸ்டோர்’ கொடுத்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

உதவி கேட்கும்போது

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். “கோஹா ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. இயங்குதளமும் பதிப்பும், கோஹா பதிப்பு, கடைசியாகச் செய்த மாற்றம், அடித்த கட்டளை, லாகில் விழுந்த முதல் பிழை வரி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். படமாக எடுக்காமல் எழுத்தாக ஒட்டுங்கள். கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பை மட்டும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

செய்வதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவாருங்கள். நாளை நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்கு அது வழிகாட்டும். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் இது. கோஹா என்ற மாவோரிச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய அன்பளிப்பு. நம் ஊர் மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழை தீர்ந்ததும், எப்படித் தீர்ந்தது என்று நாலு வரி தமிழில் எழுதிப் பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் கொடுங்கள். இந்த மென்பொருளுக்கு நாம் எழுத வேண்டிய மொய் அதுதான்.